பெய்ஜிங்கின் அயல்நாட்டு மாணவர் விடுதிகள்

பெய்ஜிங்கில் அயல்நாட்டு இளைஞர்கள் தங்கிப் படிக்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாத்திரம் கற்கவும் மொழி கற்கவும் வந்தவர்கள் உண்டு. பிற்காலத்தில் பொறியியலும் மருத்துவமும் படிக்க வந்தார்கள். அவர்களில் பலர் கடிதங்களும் நாட்குறிப்புகளும் எழுதிவைத்தார்கள். சிலர் புத்தகமே எழுதினார்கள். அவற்றில் நகரத்தைப் பற்றிய முதல் எண்ணங்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. மாறாமல் வருவது தங்கிய இடம். எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், எந்த நேரத்தில் கதவைச் சாத்தினார்கள், சாப்பாட்டு மேசையில் உடன் உட்கார்ந்தது யார் என்பவைதான் ஒரு மாணவன் பார்த்த பெய்ஜிங்கைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன. டாங் பேரரசின் சாங்ஆன் நகருக்குக் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மாணவர் வந்த கதை இதைவிடப் பழையது. ஆனால் அது இன்றைய ஷிஆனின் வரலாறு. பெய்ஜிங்கின் கதை பல நூற்றாண்டு கழித்துத்தான் தொடங்குகிறது.

நகரின் வடகிழக்கில், கன்பூசியஸ் கோயிலை ஒட்டி இருக்கிறது குவோசிஜியான் என்னும் அரச கல்விக்கழகம். மங்கோலியர் ஆட்சியில் 1306இல் கட்டப்பட்டது. ஜப்பானுக்குத் தெற்கே இருந்த ரியூக்கியூ தீவு அரசு (இன்றைய ஒகினாவா) சீனப் பேரரசருக்குக் கப்பம் கட்டிவந்தது. அந்த அரசின் மாணவர்கள் 1688 முதல் இங்கே சேர்க்கப்பட்டார்கள். வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்குத் தனிப் பள்ளியும் தனித் தங்குமிடமும் இருந்தன. உணவும் பருவத்துக்கு ஏற்ற உடையும் அரசு கொடுத்தது. குளிருக்குக் கரியும் கொடுத்தது. பாடம் கன்பூசிய நூல்கள். படித்து முடித்து ஊர் திரும்பியவர்கள் அங்கே அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். ஒரு தொகுதியில் மூன்று நான்கு பேர்தான் வருவார்கள். அடுத்த தொகுதி வரப் பல ஆண்டுகள் ஆகும். 1879இல் ஜப்பான் அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும் இந்த வழக்கம் அற்றுப்போனது.

ரியூக்கியூ மாணவர்கள் கப்பம் கட்டும் நாட்டின் பிள்ளைகளாக வந்தார்கள். ரஷ்யர் வந்தது ஓர் உடன்படிக்கையின் பேரில். 1727இல் இரு பேரரசுகளும் செய்துகொண்ட கியாக்தா ஒப்பந்தம் எல்லையையும் வணிகத்தையும் வரையறுத்தது. கூடவே, பெய்ஜிங்கில் ஒரு ரஷ்யத் தேவாலயத்துக்கும் அதன் பாதிரிமாருக்கும் ஆறு மாணவர்களுக்கும் இடம் கொடுத்தது. ரஷ்ய மொழியோடு லத்தீனும் அறிந்தவர்கள் மாணவர்களில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சீனாவில் படிக்க லத்தீன் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அன்று சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தின் அரசவையில் ஐரோப்பியரோடு பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்கள் ஏசு சபைப் பாதிரிமார்கள்; அரசாங்கத் தாள்கள் லத்தீன் வழியாகவே போய்வந்தன. அந்த இடைத்தரகை விலக்கத்தான் ரஷ்யா தன் ஆட்களுக்கே மஞ்சுவும் சீனமும் கற்பிக்க விரும்பியது.

இந்த மாணவர்கள் தங்கிய இடத்துக்கு ரஷ்ய இல்லம் என்று பெயர். அரண்மனைக்குத் தென்கிழக்கே, பிற்காலத்தில் தூதரகப் பகுதியாக ஆன தெருவில் அது இருந்தது. செலவுக்குப் பணமும் அரிசியும் சீன அரசு கொடுத்தது. மஞ்சு கற்பிக்க ஒருவரும் சீனம் கற்பிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டார்கள். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் புதிய குழு வந்து பழைய குழுவை விடுவிக்கும். அகராதி கிடையாது, இலக்கணப் புத்தகம் கிடையாது. இருபது வயதில் வந்த பையன் முப்பதைத் தாண்டித்தான் ஊர் திரும்பமுடியும். திரும்பாமலே போனவர்கள் அதிகம்; நோயும் குடியும் பலரைக் கொண்டுபோயின. பிழைத்தவர்களில் இலாரியன் ரஸ்ஸோகின் குறிப்பிடத்தக்கவர். 1729இல் வந்து பன்னிரண்டு ஆண்டுபோலத் தங்கியவர். மஞ்சு அரசு தன் ஆட்களுக்கு ரஷ்ய மொழி கற்பிக்க நடத்திய பள்ளியிலும் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1741இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் சேர்ந்து சீன, மஞ்சு மொழிகளைக் கற்பித்தார்.

இதே இல்லத்தில் 1808இல் வந்திறங்கியவர் ஒன்பதாவது குழுவின் தலைவரான துறவி நிகிதா பிச்சூரின். துறவறத்தில் அவர் பெயர் இயாகின்ஃப். தேவாலயக் காரியங்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்பது மேலிடத்தின் குற்றச்சாட்டு. அது உண்மையும்கூட. அவர் கடைத்தெருவில் நின்றார், பொருளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், தெருத்தெருவாக நடந்தார். 1821 வரை தங்கிவிட்டு, ஒட்டக மூட்டைகளில் புத்தகங்களோடு திரும்பியவரை விசாரித்து வாலாம் தீவின் மடத்தில் அடைத்துவைத்தார்கள். விடுதலையான பிறகு 1829இல் அவர் வெளியிட்ட பெய்ஜிங் நகர விவரணையும் அதோடு இணைந்த வரைபடமும் ஐரோப்பியருக்கு அந்த நகரின் உட்புறத்தை விரிவாகக் காட்டின.  விதிமீறிய ஒருவர் எழுதியதுதான் பிறருக்குப் பாடநூலானது.

1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தன. தோற்ற பேரரசு வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு நகருக்குள் இடம்கொடுக்க நேர்ந்தது. 1861இல் பிரிட்டிஷ் தூதரகம் ஓர் இளவரசரின் பழைய மாளிகையில் குடியேறியது. அந்த வளாகத்துக்குள்ளேயே மாணவ மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியில் இளைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். லண்டனில் போட்டித் தேர்வு எழுதி வருபவர்கள் இவர்கள். சுமார் இரண்டு ஆண்டு மொழி படித்துவிட்டுத் துறைமுக நகரங்களின் துணைத்தூதரகங்களுக்குப் போவார்கள். பின்னாளில் சீன-ஆங்கில அகராதியால் பெயர் பெற்ற ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1867இல் இப்படி வந்தவர். ஜப்பான் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எர்னஸ்ட் சேடோவும் 1862இல் சில மாதம் இங்கே இருந்துவிட்டுப் போனார்.

பாடம் நடந்த விதம் எளிமையானது, அலுப்பூட்டுவதும்கூட. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத ஆசிரியர் ஒருவர், எதிரே ஒரு மாணவன். ஆசிரியர் படிப்பார், மாணவன் திருப்பிச் சொல்வான். தொனி தவறினால் மீண்டும் முதலிலிருந்து. எங்கே நிறுத்துவது, எதைக் கேட்பது என்பதை மாணவனே கண்டுபிடிக்கவேண்டும். தூதரகத்தில் இருந்த தாமஸ் வேட் 1867இல் வெளியிட்ட பாடநூல் இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது. இலக்கியச் சீனத்தை ஒதுக்கி, பெய்ஜிங் மக்கள் பேசும் மொழியைப் பாடமாக வைத்த நூல் அது. சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுத அவர் வகுத்த முறைதான், பின்பு ஜைல்ஸ் திருத்தியபடி, ஒரு நூற்றாண்டுக்கு ஆங்கில உலகில் நிலைத்தது.

தூதரகச் சுவருக்குள் வாழ்ந்த மாணவனுக்கு நகரம் குதிரைச் சவாரி போகும் இடம். புழுதி, ஒட்டக வரிசை, கோட்டைச் சுவர் மேல் மாலை உலா, மேற்கு மலைகளில் கோடை வாசம் ஆகியவையே அந்தக் காலக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சீன நண்பர் ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்ததாக எழுதியவர் அரிது. 1900இல் அயல்நாட்டாருக்கு எதிரான பாக்சர் எழுச்சியின்போது தூதரகப் பகுதி ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை முற்றுகையிடப்பட்டது. மாணவ மொழிபெயர்ப்பாளர்கள் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றார்கள். ஹெர்பர்ட் ஜைல்ஸின் மகன் லான்சலாட்டும் அவர்களில் ஒருவர். அவர் எழுதிய முற்றுகை நாட்குறிப்பு பின்னாளில் அச்சாயிற்று. முற்றுகை முடிந்த பிறகு அந்தப் பகுதியின் மதில் இன்னும் உயர்ந்தது.

மதிலுக்கு வெளியே படிப்பு நகர்ந்தது முடியாட்சி வீழ்ந்த காலத்தில். 1910இல் மிஷனரிகளுக்காகத் தொடங்கிய வட சீன மொழிப் பள்ளி, வில்லியம் பெட்டஸ் தலைமையில் வணிகர்களையும் ராணுவ அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டது. முதல் நாளிலிருந்தே வகுப்பில் சீனம் மட்டும் பேசுவது அதன் முறை. பின்னாளில் பர்மாப் போர்முனையில் பெயர் பெற்ற ஜோசப் ஸ்டில்வெல் 1920களின் தொடக்கத்தில் இங்கே படித்த அமெரிக்க அதிகாரி. 1932இல் வந்த ஜான் ஃபேர்பாங்க் பிற்காலத்தில் ஹார்வர்டில் சீன வரலாற்றுப் படிப்பையே உருவாக்கியவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், பெய்ஜிங்கில் ஒரு ஹூடாங் சந்தில் முற்றம் வைத்த வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவியோடு வாழ்ந்தார். கட்டிடக்கலை வரலாற்றாளர் லியாங் சிசெங்கும் அவர் மனைவி லின் ஹுயினும் அந்தச் சந்துக்கு அருகில்தான் இருந்தார்கள். அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது.

அயல்நாட்டு மாணவன் சீனக் குடும்பங்களுக்கு நடுவே, அவர்களைப் போன்ற வீட்டில் முதன்முதலாக வாழ்ந்த காலம் இது என்று சொல்லலாம். தெருவில் போகும் நாவிதனின் இசைக்கவை ஓசை, தண்ணீர் வண்டியின் கிறீச்சல், புறாக்களின் வாலில் கட்டிய ஊதல் காற்றில் எழுப்பும் இசை எல்லாம் 1930களின் எழுத்துகளில் நிறைந்திருப்பது அதனால்தான். ஆனாலும் அந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. வெள்ளியின் மதிப்பு வீழ்ந்ததால் டாலர் வைத்திருந்தவன் சமையல்காரனும் ரிக்‌ஷாக்காரனும் வைத்து வாழமுடிந்தது. 1911க்குப் பிறகு அரச மானியத்தை இழந்த மஞ்சுக் குடும்பத்தார் பலர், தங்கள் சுத்தமான பெய்ஜிங் பேச்சையே பிழைப்பாக்கி அயல்நாட்டாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1937 ஜூலையில் ஜப்பானியப் படை நகரைப் பிடித்ததும் அந்த உலகம் கலைந்தது.

போர் முடிந்தபின் வந்தவர்களில் இந்தியர் உண்டு. சாந்திநிகேதனில் 1937இல் தாகூர் தொடங்கிய சீன பவனம் இரு நாட்டு அறிஞர்களையும் முன்பே இணைத்திருந்தது. 1947இல் பிரபோத சந்திர பாக்சி பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். அதே ஆண்டில் இந்திய அரசின் உதவித்தொகையில் ஒரு சிறு மாணவர் குழுவும் போனது. ஓவியர் அவனீந்திரநாத தாகூரின் பேரன் அமிதேந்திரநாத் அதில் ஒருவர். வசந்த பராஞ்சபே இன்னொருவர். பின்பு வெளியுறவுப் பணியில் சேர்ந்து சீனத் தலைவர்களோடு நடந்த பேச்சுகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இவர்கள் வந்து சேர்ந்தது பணவீக்கம் உச்சத்தில் இருந்த நேரம்; காலையில் வாங்கிய விலைக்கு மாலையில் ஒரு பொருள் கிடைக்காது. 1948 இறுதியில் நகரைக் கம்யூனிஸ்ட் படை சூழ்ந்தது. 1949 ஜனவரி 31இல் சண்டையின்றி உள்ளே நுழைந்தது. ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வந்ததை வகுப்பறையிலிருந்து பார்த்த இந்திய மாணவர்கள் இவர்கள்.

புதிய குடியரசு முதலில் வரவேற்றது கிழக்கு ஐரோப்பியரை. 1950 இறுதியில் ருமேனியா, ஹங்கேரி, பல்கேரியா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்து 33 மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்காகவே சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு தனி மொழி வகுப்பு திறக்கப்பட்டது. பொறுப்பில் இருந்தவர் இயற்பியலாளர் சோ பெய்யுவான். பாடம் வகுத்தவர்களில் முக்கியமானவர் தெங் யி என்ற பேராசிரியை. போர்க்காலத்தில் ஹார்வர்டில் மொழியியலாளர் சாவ் யுவென் ரென்னோடு வேலை பார்த்தவர். ரோமன் எழுத்து முறையான பின்யின் 1958இல் அரசின் ஏற்பு பெற்றது. தெங் யி முன்னின்று தொகுத்த பாடநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. பிறமொழியாளருக்குச் சீனம் கற்பித்தல் ஒரு துறையாக வளர்ந்தது இந்த வகுப்பிலிருந்துதான். முதல் 33 பேரில் ஒருவரான ருமேனியர் ரோமுலஸ் புதுரா நாற்பது ஆண்டு கழித்துத் தம் நாட்டுத் தூதராக அதே நகருக்கு வந்தார்.

1952இல் பல்கலைக்கழகங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது இந்த வகுப்பு பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அது இருக்கும், நகரின் வடமேற்கு ஹைதியான் பகுதி அன்று வயல்வெளி. அயல்நாட்டு மாணவர் வாழ்க்கை பெரும்பாலும் அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பக்கத்தில்தான். சோவியத் நாட்டவர், மங்கோலியர், வடகொரியர், வியட்நாமியர் என்று எண்ணிக்கை ஏறியது. 1950 முதல் கலாசாரப் புரட்சி தொடங்கும்வரை சீனா முழுவதிலும் படித்த அயல்நாட்டவர் சுமார் 7,200 பேர். விடுதி தனி, சாப்பாட்டுக் கூடம் தனி, உதவித்தொகை சீன மாணவனுக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. தோழமை நாடுகளின் பிள்ளைகளை நன்றாக வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் செய்ததுதான். 1959 முதல் 1961 வரை நாடு பஞ்சத்தில் வாடியபோது அந்த வித்தியாசம் எல்லாருக்கும் கண்கூடாயிற்று.

அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1960இல், ஆப்பிரிக்க மாணவர்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். சோமாலியா, கேமரூன், கானா, சான்சிபார் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். மாதம் 100 யுவான் உதவித்தொகை. ஒரு தொழிலாளியின் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் அதை வைத்து வாங்கக் கடையில் ஒன்றும் இல்லை. மாணவிகளோடு பேசினால் அந்தப் பெண்ணுக்குத் தொல்லை. வகுப்பில் பாதி நேரம் அரசியல். தெருவில் கூட்டம் கூடி வெறித்துப் பார்த்தது. 1962இல் ஓர் ஓட்டலில் சான்சிபார் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டதும் பொறுமை உடைந்தது. கானாவைச் சேர்ந்த இம்மானுவேல் ஜான் ஹேவி அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்ட நூலில், 118 ஆப்பிரிக்க மாணவர்களில் 96 பேர் கிளம்பிப் போனதாகக் கணக்குக் கொடுத்தார். பனிப்போர்ப் பிரசாரத்துக்கு அந்தப் புத்தகம் நன்றாகப் பயன்பட்டது என்பதை மறந்துவிட்டுப் படிக்கக்கூடாது. ஆனால் தனிமை, அலுப்பு, நிறவெறி என்று அவர் அடுக்கிய குறைகளைப் பின்னால் வந்தவர்களும் வேறுவேறு சொற்களில் சொன்னார்கள்.

சீன அரசு இதே காலத்தில் எடுத்த முடிவு, அயல்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு கல்லூரி. 1962இல் தொடங்கிய ஆயத்தப் பள்ளி 1965 முதல் பெய்ஜிங் மொழிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. வந்தவர் யாரானாலும் முதல் ஓராண்டு, இரண்டாண்டு இங்கே மொழி படித்துவிட்டுத்தான் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். 1965இல் சுமார் 2,000 வியட்நாமியர் வந்து சேர, பல நகரங்களின் கல்லூரிகள் அவர்களைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த கோடையில் கலாசாரப் புரட்சி. ஓராண்டு விடுமுறை என்று சொல்லி 1966இல் அயல்நாட்டு மாணவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஓராண்டு ஏழு ஆண்டாக நீண்டது. நடுவில், 1971இல், மொழிக் கல்லூரியையே மூடிவிட்டார்கள்.

தமிழுக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு, ஆனால் எதிர்த் திசையில். 1963 ஆகஸ்ட் 1இல் பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்காக நகரின் ஒலிபரப்புக் கல்லூரியில் சீன இளைஞர்கள் தமிழ் படித்தார்கள். சீனர் தமிழ் படித்து வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவு மெல்லத் திறந்தது 1972இல். தான்சானியா-ஜாம்பியா ரயில் பாதையைச் சீனா கட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டப்போகும் 200 ஆப்பிரிக்க இளைஞர்கள் பெய்ஜிங்கின் ரயில்வே பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு வந்தார்கள். அதே ஆண்டில் சீன வம்சாவளிக் கனடியரான ஜான் வோங், அமெரிக்கரான எரிகா ஜென் என்ற இரு பெண்கள் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் அனுமதிக்கப்பட்டார்கள். 1973இல் மொழிக் கல்லூரி மீண்டும் மாணவரைச் சேர்க்க, பிரிட்டன், பிரான்ஸ், கனடா முதலிய நாடுகளின் பரிமாற்ற மாணவர்கள் வந்தார்கள்.

1970களின் அந்த விடுதி வாழ்க்கை பல நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. விடியும்போதே வளாகத்து ஒலிபெருக்கி அலறும்: முதலில் பாட்டு, பிறகு உடற்பயிற்சிக்கு எண்ணிக்கை, பிறகு செய்தி. அறைக்கு இரண்டு கட்டில், இரண்டு மேசை, சிமென்ட் தரை, மேலே ஒரு குழல் விளக்கு. அறையில் முதலில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டியது ஒரு பூப்போட்ட ஃபிளாஸ்க். குழாய்த் தண்ணீரைக் குடிக்கமுடியாது. கொதிகலன் அறைக்கு இரண்டு கையிலும் ஃபிளாஸ்கோடு போய் வரிசையில் நின்று வெந்நீர் பிடிக்கவேண்டும். தேநீர், முகம் கழுவல், துணி துவைத்தல் எல்லாம் அதில்தான். குளியலறை குறித்த நேரத்தில்தான் திறக்கும். கணப்புக் குழாயில் சூடு நவம்பர் 15இல் வரும், மார்ச் 15இல் நிற்கும். அக்டோபர் கடைசியில் பனி விழுந்தாலும் தேதி மாறாது. நவம்பர் முதல் வாரம் லாரி லாரியாக முட்டைக்கோஸ் வந்து தெருவோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கப்படும். நகரமே அதை வாங்கி மாடிப்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் வைத்துக்கொள்ளும். வசந்தம் வரை காய்கறி என்றால் பெரும்பாலும் அதுதான். நிலக்கரிப் புகையும் அந்த முட்டைக்கோஸ் வாசனையும் கலந்ததுதான் அக்கால மாணவர்கள் நினைவில் பெய்ஜிங்கின் மணம்.

வாசலில் ஒரு காவலர் அறை. உள்ளே வரும் சீனர் பெயர், அலுவலகம், யாரைப் பார்க்க வந்தார், எத்தனை மணிக்கு என்று ஏட்டில் எழுதவேண்டும். எழுதத் தயங்கியவர்கள் வராமலே இருந்தார்கள். விதிவிலக்கு, கூடத் தங்கும் சீன அறைத் தோழர்கள். கல்லூரியே தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். பேச்சுப் பழக்கத்துக்கு உதவி, கூடவே அலுவலகத்துக்கு அறிக்கை என்று மாணவர்கள் நம்பினார்கள். அப்படி வந்தவர்களோடு ஆயுட்கால நட்பு ஏற்பட்டதும் உண்டு. நகரத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சாலையில் ஓர் எல்லைக்குமேல் அயல்நாட்டார் செல்லக்கூடாது என்று பல மொழிகளில் பலகை நிற்கும். உள்ளே சுற்றச் சைக்கிள் போதும், அதற்கும் காவல்துறையில் எண் தகடு வாங்கவேண்டும்.

பாடத்தின் ஒரு பகுதி வகுப்புக்கு வெளியே நடந்தது. ஆலையில் சில வாரம், கம்யூனில் சில வாரம் உழைத்துத் தொழிலாளரிடமும் விவசாயிகளிடமும் கற்கவேண்டும் என்பது அக்காலக் கொள்கை. 1975இல் வந்து ஓராண்டு படித்த பிரிட்டிஷ் மாணவி பிரான்சிஸ் வுட், உடற்பயிற்சி வகுப்பில் கையெறி குண்டு வீசிப் பழகியதையே தம் நினைவு நூலின் தலைப்பாக வைத்தார். பின்னாளில் பிரிட்டிஷ் நூலகத்தின் சீனப் பிரிவைக் கவனித்தவர் அவர். 1976 இந்தத் தலைமுறையின் கடைசி ஆண்டு: ஜனவரியில் பிரதமர் சூ என்லாய் மரணம், ஏப்ரலில் தியானன்மென் சதுக்கத்தில் அஞ்சலிக் கூட்டமும் அடக்குமுறையும், ஜூலையில் தாங்ஷான் நிலநடுக்கம், செப்டம்பரில் மாவோ மரணம். நிலநடுக்கத்துக்குப் பின் பெய்ஜிங்வாசிகள் வாரக்கணக்கில் தெருவில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள். அந்த ஆண்டு வந்து மொழி படிக்கத் தொடங்கிய எத்தியோப்பியர் முலாது தெஷோமே, பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை படித்து, 2013இல் தம் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

பொருளாதாரச் சீர்திருத்த காலம் முதலில் மாற்றியது மாணவரின் பணப்பையை. 1979 தொடக்கத்தில் அமெரிக்க மாணவர்கள் வந்தார்கள். சொந்தச் செலவில் கோடைக்கால மொழி வகுப்புக்கு வருவோரும் பெருகினார்கள். 1980இல் அயல்நாட்டாருக்கென்று தனி நாணயச் சீட்டு வந்தது. நட்புக் கடை எனப்பட்ட சிறப்புக் கடையில் அதைக் கொடுத்தால் வெண்ணெயும் காப்பியும் கிடைக்கும். சாதாரண யுவானோடு அதை மாற்றும் கறுப்புச் சந்தை விடுதி வாசலிலேயே நடந்தது. 1994 முடிவில் அந்தச் சீட்டு ஒழிந்தது. பாடநூலும் மாறியது. 1981இல் வந்த தொகுதியில் பலாங்கா, கூபோ என்ற இரு அயல்நாட்டு மாணவர்கள் பெய்ஜிங்கில் தோழர்களைச் சந்திப்பார்கள், கடைக்குப் போவார்கள், நலம் விசாரிப்பார்கள். உலகம் முழுவதும் ஒரு தலைமுறை அந்த இருவரின் உரையாடலைத்தான் மனப்பாடம் செய்தது.

பழைய உரசல் தீரவில்லை. 1988 டிசம்பரில் நான்ஜிங்கில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. பெய்ஜிங்கிலும் ஜனவரியில் அதன் எதிரொலியாக ஊர்வலங்கள் நடந்தன. அதே 1989இல், ஜூன் 4இல் தியானன்மென் போராட்டத்தை ராணுவம் அடக்கியபின் பெரும்பாலான அயல்நாட்டு மாணவர்களைத் தூதரகங்கள் விமானமேற்றின. சரிவு நீடிக்கவில்லை. மொழிக் கல்லூரி உருவாக்கிய எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வு 1990இல் தொடங்கி, அடுத்த ஆண்டே வெளிநாடுகளிலும் நடந்தது. சீனம் படித்ததற்குச் சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு வேலை என்ற கணக்கு உருவானது.

1992 ஆகஸ்டில் தென்கொரியாவும் சீனாவும் தூதரக உறவு கொண்டபின் பெய்ஜிங்கின் மாணவர் வாழ்க்கையை மாற்றியவர்கள் கொரியர்கள். மொழிக் கல்லூரிக்கு அருகே ஊதாகோ என்ற இடம். பெய்ஜிங்கிலிருந்து சாங்ஜியாகோ போகும் பழைய ரயில் பாதையின் ஐந்தாவது ரயில்வே கேட். கேட் மூடும் போதெல்லாம் சைக்கிளும் பேருந்தும் காத்துக்கிடக்கும் புழுதிச் சந்திப்பு அது. பத்தே ஆண்டில் அங்கே கொரிய உணவகம், இணைய விளையாட்டுக் கூடம், பாட்டுப் பாடும் அறைகள், விடிய விடியத் திறந்திருக்கும் காப்பிக் கடை என்று வரிசை கட்டின. 2002இல் 13ஆம் எண் மெட்ரோ வந்தது. குறித்த கட்டடங்களில் மட்டுமே அயல்நாட்டார் குடியிருக்கலாம் என்ற விதி 2000களின் தொடக்கத்தில் தளர்ந்ததும், மாணவர்கள் கூட்டாக அடுக்குமாடி வீடு பிடித்துக் குடியேறினார்கள். நகைச்சுவையாக அந்த இடத்துக்கு அண்டத்தின் மையம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2016 நவம்பரில் அதிவேக ரயிலுக்காகப் பழைய பாதை மூடப்பட்டபோது, கேட்டைப் படமெடுக்கச் சுற்றுவட்டாரமே திரண்டது.

அரசும் எண்ணிக்கையை விரும்பியது. 2020க்குள் ஐந்து லட்சம் அயல்நாட்டு மாணவர் என்று 2010இல் இலக்கு வைத்தார்கள். 2018 கணக்கில் சீனா முழுவதும் 4,92,185 பேர், 196 நாட்டினர். பெய்ஜிங்கில் மட்டும் 80,786. தென்கொரியா முதலிடம், பிறகு தாய்லாந்து, பாகிஸ்தான், 23,198 பேரோடு இந்தியா. அந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். 2007இல் கல்வி அமைச்சு ஆங்கிலவழி மருத்துவப் படிப்புக்கு 30 கல்லூரிகளை அனுமதித்ததிலிருந்து பெருகியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அந்த வரிசையில்தான், பெய்ஜிங்கைவிடக் கட்டணம் குறைந்த மாகாண நகரங்களில். பெய்ஜிங்கைப் பெரும்பாலும் விமான நிலையமாகவே பார்த்தவர்கள் இவர்கள்.

இக்காலத்தில் வந்தவர்கள் முதலில் எழுதியது காற்றைப் பற்றி. 2013 ஜனவரியில் நகரை மூடிய புகைமூட்டம் உலகச் செய்தியானது. காலையில் கைபேசியில் காற்றின் அளவைப் பார்த்துவிட்டு முகக்கவசம் போடுவதா என்று முடிவு செய்வது விடுதிப் பழக்கமாயிற்று. நிலக்கரி குறைக்கப்பட்டதும் சில ஆண்டில் வானம் தெளிந்தது. தனி விடுதி என்ற பழைய கேள்விக்கும் ஒரு பதில் தேடினார்கள். 2016இல் சிங்ஹுவாவில் முதல் தொகுதியைச் சேர்த்த ஷ்வார்ஸ்மன் கல்லூரியில் சீன மாணவரும் அயல்நாட்டாரும் ஒரே கட்டடத்தில் தங்குகிறார்கள். நடுவில் தாழ்ந்த முற்றம் வைத்த அழகான கட்டடம். ஆனால் அதற்கும் வாசலும் அட்டைப் பூட்டும் உண்டு. வளாகத்தின் மற்ற மாணவர்கள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. மற்றப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அயல்நாட்டு மாணவர் கட்டடம் இன்றும் தனிதான். அங்கே அறைக்கு இரண்டு பேர். பக்கத்துக் கட்டடத்தில் சீன மாணவர் நான்கு பேர், ஆறு பேர். சீன மாணவருக்கு இது ஒரு மனக்குறை, அயல்நாட்டாருக்கு வேறொரு மனக்குறை.

2020 மார்ச் 28இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டிச் சீனா அயல்நாட்டாருக்கு எல்லையை மூடியது. குளிர்கால விடுமுறைக்கு ஊர் போயிருந்தவர்கள் திரும்ப முடியவில்லை. விடுதி அறைகளில் பெட்டி படுக்கை அப்படியே கிடந்தன. இரண்டரை ஆண்டு அவர்கள் இணையத்தில் படித்தார்கள். இந்திய மாணவர்களுக்கு விசா மீண்டும் கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். எல்லை மீண்டும் திறந்தது 2023 ஜனவரி 8இல்.

இன்று நீண்ட படிப்புக்கு வருபவர் எக்ஸ்1 விசாவில் வருகிறார். வந்து 30 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடித்துக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். கைபேசி எண், வங்கிக் கணக்கு, வீசாட் செயலி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எதிர்பார்ப்பவை என்பதால் முதல் வாரம் அலைச்சலிலேயே போகும். விடுதிக்கு வெளியே ஒரு நண்பர் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முகவரியைப் பதியவேண்டும். கல்லூரி விடுதியில் தங்குபவருக்கு அந்தப் பதிவை விடுதி அலுவலகமே செய்துவிடுகிறது.